நபீலாவின் திரையில் மட்டும்

ஏசியைக் குறைக்கத் தேவையில்லை, இன்ஸ்பெக்டர் சேர். கணினிச் சேர்வர் அறையில் இருந்து பழகிய உடம்பு இது. குளிர் எனக்கு ஒன்றும் செய்யாது. கல்முனைக் கடற்கரையில் வேலை செய்தும் வியர்க்காத ஒரே ஆள் நான்தான் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள்.

என் பெயர் நஸீம். ஊர் சாய்ந்தமருது. தோஹாவில் சில வருடங்கள் கணினி வேலை செய்துவிட்டு, வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போனதால் திரும்பி வந்து இந்தக் கொம்பனியில் சேர்ந்தேன். மீனையும் இறாலையும் உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கொம்பனி. தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. குளிரறைகளும் பொதியிடும் மண்டபமும் இங்கே இருக்கின்றன.

எங்களிடம் ஒரு கணினித் தளம் உண்டு. கொழும்புக்கும் எங்களுக்கும் இடையிலான செய்திகள், கூட்டங்கள், கோப்புகள், ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலைகள் எல்லாம் அதற்குள்தான் நடக்கும். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் ஒன்று கேட்பதென்றாலும் அதில்தான் எழுதுவார்கள். வாங்கியபடி பாவித்தால் அது எங்கள் வேலைக்குப் போதாது. கொம்பனிக்கென்று தனியாகச் சில பக்கங்களையும் கணினி நிரல்களையும் எழுதி உள்ளே பொருத்த வேண்டும். எழுதுவது என் வேலை. எழுதியதைச் சரிபார்த்து, தளத்தில் ஏற்றி, எல்லோருடைய திரைக்கும் போகலாம் என்று அனுமதி கொடுப்பது நிர்வாகியின் வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கள் கிளையில் இரண்டும் நான். இது சரியில்லை என்று ஒருமுறை நானே கொழும்புக்குச் சொன்னேன். இன்னொரு ஆள் எடுக்க வசதியில்லை, உங்களில் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார்கள்.

நபீலாவைப் பற்றிக் கேட்டீர்கள். மருதமுனைப் பெண். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு எங்களிடம் பாதுகாப்பு அதிகாரியாக வந்தவர். குளிரறைகளைக் குளிர வைப்பது அமோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெளியே வந்தால் மூச்சுக்குழாய் வெந்துவிடும். காலையில் குழாய்களையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நான் எழுதிய பக்கத்தில் ‘பார்த்தாயிற்று’ என்று குறிப்பது அவர் வேலை. கெட்டிக்காரி. அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

அந்தத் தளத்தில் பழுதுகளை அறிவிக்கவும் நான் ஒரு பக்கம் செய்திருந்தேன். ஃபோனில் இருந்து அனுப்பினால் அறிவித்தல் போய்ச் சேருவதில்லை என்று இயந்திர ஆட்கள் குறை சொன்னார்கள். நீங்கள் பொத்தானைச் சரியாக அமத்துவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொதுவாக அப்படித்தான் இருக்கும், சேர். பிழை பாவிக்கிற ஆளிடம்தான் இருக்கும்.

பிறகு கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்த அன்று, கூட்டத்தின் நடுவில் நபீலா தன் ஃபோனை எடுத்து ஒரு பழுதை எழுதி அனுப்பினார். எல்லோரும் சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் அனுப்பினார். அதுவும் வரவில்லை.

அண்ணன் முறையில் காக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவர் என் பக்கம் திரும்பி, "காக்கா, உங்களக் குறை சொல்லல்ல. நாலு பேர் பாவிக்கிற சாமான்ல பிழை வாறதுதானே. திருத்தினாச் சரி" என்றார்.

நல்ல மாதிரித்தான் சொன்னார். பணிப்பாளர் சிரித்தார். எங்கள் முகாமையாளர் சுதனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றே திருத்திக் கொடுத்தேன். ஓர் எழுத்து பிழையாக விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு சின்ன மனிதன் அல்ல நான். எனக்கு ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான். ஓர் எழுத்துக்காக என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஆள் என்று அவரைக் கொண்டாடினார்கள். அந்தச் சரி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று நபீலா கேட்டார். போனேன். அவர் உம்மா கதிரையில் இருந்தார். அவ்வளவு வயதில்லை. நபீலா சோற்றையும் மீனையும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். உம்மா ஒரு வாய் வாங்கிவிட்டு, "நீ ஆர்ர புள்ள?" என்று கேட்டார். "உங்கட மகள்தான் உம்மா" என்றார் நபீலா. இன்னொரு வாய். திரும்பவும் அதே கேள்வி. அதே குரலில் அதே பதில். நான் ரவுட்டரைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது நபீலா தானாகவே சொன்னார். உம்மாவின் உம்மாவுக்கும் இப்படித்தானாம். தனக்கும் வருமோ என்று சில நேரம் யோசிப்பாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எப்படி எழுதுவது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான்.

நிரல் சின்னது. எல்லோருடைய திரையிலும் ஏறும். ஆனால் உள்ளே வந்திருப்பது யார் என்று பார்க்கும். நபீலா இல்லையென்றால் சும்மா இருக்கும். ‘நினைவூட்டல் உதவி’ என்று பெயர் வைத்தேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போட்டேன். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

தொடக்கத்தில் கூட்ட நேரங்களை மட்டும் தொட்டேன். அவர் திரையில் மட்டும் ஒரு கூட்டம் சற்றுப் பிந்திக் காட்டும். எல்லோரும் வந்து இருந்த பிறகு உள்ளே வருவார். மன்னிப்புக் கேட்பார். திரும்பிப் போய்ப் பார்த்தால் சரியான நேரம் இருக்கும். பிறகு செய்திகள். அவர் அனுப்பியது போய்விட்டதாகக் காட்டும், ஆனால் போகாது. சுதன் கேட்டால், அனுப்பினேனே என்று திறப்பார். அது அனுப்பாமலே கிடக்கும். அதற்குப் பிறகுதான் குழாய்களைக் குறிக்கிற பக்கம். பார்த்தாயிற்று என்று குறித்துவிட்டுப் போவார். வந்து பார்த்தால் குறி இருக்காது.

அடிக்கடி செய்யவில்லை. அடிக்கடி செய்தால் தளத்தில்தான் பிழை என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்துச் செய்திகள் ஒழுங்காகப் போகும், பதினோராவது போகாது. அந்த அளவைச் சரிபார்க்கத்தான் எனக்குக் கூடுதலாக நேரம் எடுத்தது. என் வாழ்க்கையில் எழுதியதில் ஆகச் சுத்தமான வேலை அது. யாரிடமும் காட்ட முடியவில்லை என்பதுதான் கவலை.

நபீலா மாறத் தொடங்கினார். முன்பு ஒரு தரம் சுற்றி வருகிற குழாய்களை இரண்டு மூன்று தரம் சுற்றி வந்தார். வால்வைப் பூட்டிவிட்டு நாலு அடி நடப்பார், திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பார். பொதியிடும் பெண்கள் முதலில் பகிடி பண்ணினார்கள், பிறகு பாவம் என்றார்கள். அவர் சொன்னால் இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்துவது சுதனுக்குப் பழக்கமாகிவிட்டது. எதையும் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் நல்லவர்கள், சேர்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் போன பிறகு, என் அறைக்கு வந்தார். கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"காக்கா, ஒண்டு கேக்கட்டா? ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

"நான் செய்யிற வேல எனக்கே புடிபடுதில்ல. வால்வ நான் பாத்தன். கையால தொட்டுப் பாத்தன். இஞ்ச வந்து பாத்தா, பாக்கல்ல எண்டு இரிக்கி." என் திரைப் பக்கம் கையைக் காட்டினார். "சிஸ்டத்துல ஏதும் பிழை இரிக்குமா காக்கா?"

இத்தனைக்குப் பிறகும் அவர் அறிவு சரியான இடத்தில்தான் போய் நின்றது. அதை நான் மதிக்கிறேன். அவரை இருக்கச் சொன்னேன். அவர் கண் முன்னாலேயே தளத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். அவருக்கு விளங்குகிற மாதிரி மெதுவாக.

"சிஸ்டத்துல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி" என்றேன்.

அது பொய் இல்லை, சேர். நிரல் எதைச் செய்ய வேண்டுமோ அதைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உம்மாக்கும் இப்பிடித்தான் துவங்கின" என்றார். அழவில்லை. தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். நான் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தேன். மட்டக்களப்பில் ஒரு டொக்டர் இருக்கிறார், ஒருக்காக் காட்டுங்கள், ஆரம்பத்திலேயே பார்த்தால் நல்லது என்றேன். போக வாகனமும் நான்தான் ஒழுங்கு செய்தேன். அதற்குப் பிறகு ஏதாவது குழப்பம் என்றால் என்னிடம்தான் வருவார். இதை நான் செய்தேனா, செய்யவில்லையா என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன்.

டொக்டர் கொடுத்த குளிசை அவருக்குத் தூக்கத்தைக் கொண்டுவந்தது. பெரிய சோதனைகள் செய்ய வேண்டும் என்று சொன்னாராம். உம்மாவைப் பார்க்க ஆள் இல்லை என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். வேலையில் உண்மையாகவே பிழைகள் வரத் தொடங்கின. அப்போது நான் நிரலைக் கழற்றிவிட்டேன். இனி அது தேவையில்லை. நான் தொடாத நாட்களிலும் அவர் குழாய்களை மூன்று தரம் சுற்றினார். கூட்டத்துக்கு வெகுநேரம் முந்தியே வந்து வெறும் அறைக்குள் இருந்தார்.

கழற்றிய திகதி தளத்தில் பதிவாகியிருக்கும். நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். விபத்து நடந்தது அதற்கு நன்றாகப் பிந்தி. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று என் நிரல் எங்கேயும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. நபீலா அனுப்பிய செய்தி, அனுப்பிய அதே நிமிடத்தில், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

காலை நேரம். கப்பலுக்குப் போக வேண்டிய கொள்கலன் வாசலில் நின்றது. ஏற்றி முடிக்க வேண்டும் என்று சுதன் ஓடிக்கொண்டிருந்தார். நபீலா தளத்தில் எல்லோரும் இருக்கிற குழுவில் எழுதினார்:

"ரெண்டாவது கம்பிரசருக்குப் பின்னால அமோனியா மணக்குது. பெக்கிங் ஆக்கள வெளிய எடுங்க. மெஷின நிப்பாட்டுங்க. இது எனக்கு நிச்சயம்."

எல்லோரும் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று தளம் காட்டும். யாரும் பதில் போடவில்லை. நம்பாமல் விட்டதற்கு நீங்கள் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்திய மாதமும் அவர் இப்படி ஒரு செய்தி போட்டு, ஆட்களை வெளியே எடுத்து, ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. அது அவருடைய சொந்தக் குழப்பம். நான் அதில் கை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து சுதன் எழுதினார்: "நபீலா மிஸ், வடிவாப் பாத்தீங்களா? கொண்டெய்னர் நிக்குது."

நபீலாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் எழுதுகிறார் என்று காட்டியது. மறுபடியும் நின்றது.

அப்போது நான் ஒரு பதில் போட்டேன். அது உங்களிடம் இருக்கும். "நபீலா தங்கச்சி, போன மாசமும் இதத்தானே சொன்னீங்க, ஒண்டும் இல்லதானே. குளிச போட்டதா இன்னைக்கு? கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. நான் வந்து பாக்கிறன்." சுதன் அதற்கு ஒரு பெருவிரல் அடையாளம் போட்டார். இன்னும் இரண்டு மூன்று பேர் போட்டார்கள்.

நபீலா மன்னிப்புக் கேட்டு எழுதினார்: "சொறி. எனக்குத்தான் குழப்பம்போல."

குழாய் வெடித்தது அதற்குப் பிறகுதான். வெள்ளையாக ஒன்று மண்டபத்துக்குள் நிறைந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்து வெளியே விழுந்த பிள்ளைகளை நீர்க்குழாயடியில் பிடித்து வைத்தார்கள். நற்பிட்டிமுனை தர்சிகா வெளியே வரவில்லை. அவள் இறால் தரம் பிரிக்கிற மேசை உள்மூலையில் இருந்தது. இயந்திரம் ஓட்டுகிற மீராமுகைதீன் காக்கா வெளியே வந்துவிட்டார். ஆட்களைப் பார்த்தார், தர்சிகா எங்கே என்று கேட்டார், துவாயை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். இரண்டு பேரையும் ஒரே இடத்தில்தான் கண்டெடுத்தார்கள்.

நபீலாவுக்கு அன்று ஒன்றும் மறக்கவில்லை. முகமூடி எங்கே இருக்கிறது, பெரிய வால்வை எந்தப் பக்கம் திருக வேண்டும், பின்கதவுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, எல்லாம் தெரிந்திருந்தது. வால்வைப் பூட்டியது அவர்தான். பின்கதவைத் திறந்து பத்துப் பதினைந்து பேரை இழுத்து வெளியே விட்டதும் அவர்தான். நல்ல பயிற்சி. பாராட்ட வேண்டும்.

ஆனால் அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்குமூலம் வேறு மாதிரி என்று கேள்விப்பட்டேன். காலையில் வால்வை நான்தான் சரியாகப் பூட்ட மறந்திருப்பேன், என் மூளையில் உம்மாவுக்கு வந்த வருத்தம், இரண்டு உயிருக்கும் நான்தான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்திருக்கிறாராம். தர்சிகாவின் வீட்டுக்கும் போய் அவளுடைய தாயின் காலடியில் இருந்திருக்கிறார். அந்த அம்மா அவரை எழுப்பித் தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னார்கள். இதெல்லாம் கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக நான் வரவில்லை, சேர். வந்த காரணத்தை நேராகவே சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து வந்த விசாரணைக் குழு நேற்றுத் தன் முடிவை அனுப்பியிருக்கிறது. நபீலாவின் பழைய செய்திகள் பல போய்ச் சேராமல் இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ‘உள்ளூரில் எழுதப்பட்ட நிரல்களின் கோளாறு’ என்று எழுதியிருக்கிறார்கள். கவனக் குறைவாகச் செய்த வேலையாம். கழற்றிய பிறகும் தளத்தின் பழைய கோப்புகளில் கிடந்த ‘நினைவூட்டல் உதவி’யைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன செய்கிறதென்று விளங்காமல், அரைகுறையாக விடப்பட்ட நிரல் என்று குறித்திருக்கிறார்கள். இதை வாசித்துவிட்டு எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. கோளாறு இல்லை. அரைகுறையும் இல்லை. ஒவ்வொரு வரியும் நான் நினைத்து எழுதியது. நினைத்தபடிதான் ஓடியது. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓம், அந்தப் பதிலைப் பற்றி. நபீலா சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள்.

தெரியும். அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அவருக்கே தெரியாது. அவர் தலையில் ஒரு வருத்தமும் இல்லை, மூக்கிலும் இல்லை. மணக்கிறது என்று அவர் சொன்னால் மணக்கும். பதிலை எழுதி அனுப்பிவிட்டு எழுந்து போய், குளிரறைப் பக்கம் இருந்த என் அறை யன்னலை இறுக்கிச் சாத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் துணி வைத்தேன். பிறகு வந்து இருந்தேன். அவர் மறுத்து எழுதினால் நானே ஆட்களை வெளியே எடுக்கச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ‘இல்லை காக்கா, எனக்கு நிச்சயம்’ என்று ஒரு வரி போதும். அவர் அதை எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொறி என்று எழுதினார்.

கையெழுத்து எங்கே வைக்க வேண்டும்? சரி.

இன்னும் ஒன்று, சேர். இதை நீங்கள் நபீலாவுக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அவருக்கு அது பெரிய அடியாக இருக்கும், ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். சொல்லும்போது என்னையும் கூட்டிப் போனால் நல்லது. நான் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துவேன். அந்த அலுவலகத்தில் அவர் நம்பிக் கதைக்கிற ஆள் என்று என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.